ஒளியும் ஒளிவும்: செவென் மலைச் சிற்றூர் ஒன்றை முன்வைத்து

1

'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று சொல்லும்போதே அதில் ஒரு கட்டளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேண்டியது என்று யார் முடிவு செய்தார்கள், எங்கே நின்று பார்க்கச் சொல்கிறார்கள், பார்வைக்கு வருவதற்கு முன்னால் அந்த இடம் என்னவாக இருந்தது என்கிற கேள்விகள் எல்லாம் அந்தச் சின்னச் சொற்றொடருக்குள் அமுங்கிப் போகின்றன. ஊருக்குப் போகிறோம். கையில் வரைபடம். அதில் நட்சத்திரக் குறி போட்ட இடங்களை ஒவ்வொன்றாக முடிக்கிறோம். பார்த்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு, அடுத்தது என்ன? இந்த வரிசையில் வரலாறு ஓர் அறிவிப்புப் பலகையாக வருகிறது. பலகையைப் படித்து முடித்ததும் வரலாற்றையும் பார்த்தாகிவிட்டது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன ஊர். தெற்கு பிரான்சில் செவென் என்றொரு மலைப்பகுதி. அதன் வடக்குப் பக்கம் 1,699 மீட்டர் உயரமுள்ள லொஸேர் மலை. அந்த மலையின் தெற்குச் சரிவில், தார்ன் ஆறு இன்னும் பெரிய ஆறாக ஆகாத இடத்தில், போன்-த-மோன்வேர் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். கருங்கல் வீடுகள், ஆற்றுக்குக் குறுக்கே வளைந்த ஒரு பழைய கல்பாலம், பாலத்தின் ஓரத்தில் ஒரு மணிக்கூண்டு. அவ்வளவுதான். என்னோடு வந்த நண்பர் பாலத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுல பாக்குறதுக்கு என்னங்க இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான்.

செய்வதற்கு வேண்டுமானால் நிறைய இருக்கிறது. கோடையில் பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் ஆற்று நீரில் இறங்கிக் குளிக்கலாம். மலைமேல் ஏறலாம். கழுதையொன்றை வாடகைக்குப் பிடித்து அதன் முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டு நாள்கணக்கில் நடக்கலாம். குளிர்காலத்தில் மேட்டு நிலத்தில் பனிச்சறுக்கு. இரவானால் நட்சத்திரம் பார்க்கலாம். இவை எல்லாவற்றையும் செய்வதற்காக வருஷா வருஷம் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் 'ஒளி' என்றால் வெளிச்சம். 'ஒளி' என்றால் மறைந்துகொள் என்றும் பொருள். இந்த நிலத்தின் வரலாறு இரண்டாவது பொருளின் வரலாறு. கண்ணில் படாமல் இருப்பதையே உயிர்வாழும் வழியாகக் கொண்ட மக்கள் இங்கே நூறாண்டு வாழ்ந்தார்கள். இன்று அதே நிலம் முதல் பொருளுக்கு, அதாவது வெளிச்சத்துக்கும் காட்சிக்கும் உரியதாக மாற்றப்பட்டிருக்கிறது. இந்த மாற்றம் எப்படி நடந்தது, அதில் யாருடைய பார்வை தொடர்கிறது, யார் மறுபடியும் காணாமல் போனார்கள் என்பதுதான் இங்கே கேட்கப்பட வேண்டியது.

2

1598இல் நான்காம் ஹென்றி பிறப்பித்த நாந்த் அரசாணை பிரெஞ்சு புரோட்டஸ்டண்டுகளுக்கு வரம்புக்குட்பட்ட வழிபாட்டு உரிமையைக் கொடுத்தது. 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. மதம் மாற மறுத்த போதகர்கள் இரண்டே வாரத்தில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். சாதாரண மக்களுக்கோ வெளியேறும் உரிமையும் இல்லை. தப்பியோடிப் பிடிபட்ட ஆண்கள் அரசின் துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாகச் சங்கிலியில் பூட்டப்பட்டார்கள்; பெண்கள் சிறைக்குப் போனார்கள். இதற்கு முன்பே தொடங்கிவிட்ட இன்னொரு முறையும் இருந்தது. புரோட்டஸ்டண்டு வீடுகளில் படைவீரர்களைக் குடிவைப்பது. மதம் மாறும்வரை அவர்கள் வீட்டிலேயே தின்று, உடைத்து, அடித்துக்கொண்டு கிடப்பார்கள். அரசின் கண் அடுப்படிவரை வந்துவிட்டது என்று சொன்னால் அது உருவகம் ஆகாது. அப்படியேதான் நடந்தது.

செவென் மக்கள் பெரும்பாலும் புரோட்டஸ்டண்டுகள். கம்பளி சிக்கெடுப்பவர்கள், நெசவாளர்கள், ஆடு மேய்ப்பவர்கள், கஷ்கொட்டைக் கொட்டையைக் காயவைத்துக் குளிர்காலம் முழுக்க அதையே தின்று வாழ்ந்தவர்கள். பகலில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய் நின்றார்கள். இரவில் பள்ளத்தாக்குகளிலும் குகைகளிலும் காட்டு வெளிகளிலும் கூடித் தங்கள் சங்கீதங்களைப் பாடினார்கள். 1685 முதல், பதினாறாம் லூயி சகிப்பு அரசாணை வெளியிட்ட 1787 வரையிலான இந்தக் காலத்துக்கு பிரெஞ்சு புரோட்டஸ்டண்டு மரபில் 'தெஸேர்' என்று பெயர். பாலைவனம் என்று அதை மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். மழையும் ஆறும் நிறைந்த மலை இது. இஸ்ரவேலர் அலைந்த இடத்தைச் சொல்லும் விவிலியச் சொல் அது. தமிழ் விவிலியம் பழகியவர்கள் 'வனாந்தரம்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். வனாந்தரம் என்பது இங்கே ஓர் இடத்தின் பெயரல்ல, பார்வைக்கு அப்பால் இருக்கும் ஒரு நிலையின் பெயர்.

போன்-த-மோன்வேரில் த்யு ஷேலா என்ற கத்தோலிக்கக் குரு ஒரு வீட்டையே சிறையாக வைத்திருந்தார். செவென் பகுதியில் மதமாற்றப் பணியை மேற்பார்வையிட்டவர். சித்திரவதைக்குப் பேர்போனவர். ஜெனீவாவுக்குத் தப்பிப்போக முயன்று பிடிபட்ட சிலர் 1702 ஜூலையில் அந்த வீட்டில் அடைபட்டிருந்தார்கள். ஜூலை 24 இரவு, பூஜேஸ் மலையில் கூடிய ஐம்பது அறுபது பேர் சங்கீதம் பாடிக்கொண்டே ஊருக்குள் இறங்கினார்கள். கைதிகளை விடுவித்தார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள், ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்துக் காலொடிந்து கிடந்த குருவைக் குத்திக் கொன்றார்கள். கம்பளி சிக்கெடுப்பவரான ஆபிரகாம் மாஸேல் அதற்கு முன் ஒரு கனவு கண்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார்: கொழுத்த கறுப்பு எருதுகள் தோட்டத்தில் புகுந்து முட்டைக்கோஸ் மேய்ந்துகொண்டிருக்கின்றன, அவற்றை விரட்டு என்று கட்டளை வருகிறது. தாக்குதலில் முன்நின்ற எஸ்ப்ரி செகியே அடுத்த மாதமே பிடிபட்டு அதே ஊரில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

இரண்டு வருஷம் நீடித்த கமிஸார் போர் இப்படித்தான் ஆரம்பித்தது. ரொட்டிக் கடையில் தொழில் பழகிய ழான் கவாலியே இருபதைக் கடந்த வயதில் அரசின் தளபதிகளை அலைக்கழித்தார். விவசாயக் கெரில்லாக்களை எதிர்கொள்ளத் தெரியாத அரசு 1703 இலையுதிர் காலத்தில் வேறொரு வழியைக் கையாண்டது. மலையின் மேற்பகுதியிலிருந்த 466 குக்கிராமங்களை இடிப்பது, கொளுத்துவது. ஆட்களை மதில் சூழ்ந்த ஊர்களுக்குள் கொண்டுபோய் அடைப்பது. கெரில்லாவுக்குச் சோறு போடும் ஊரை இல்லாமல் ஆக்கிவிட்டால் கெரில்லா இருக்கமாட்டான் என்கிற தர்க்கம் இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பில்லை என்று இங்கே தெரிகிறது.

3

இப்போது பாதைகளுக்கு வருகிறேன். நடைப் பயணிகள் இந்த மலையைப் பாதைகளின் வழியாகத்தான் அறிகிறார்கள்.

லாங்தோக் மாகாணத்தில் 1685 முதல் 1718 வரை அரசின் ஆளுநராக இருந்தவன் பாவில். செவெனை அடக்க வேண்டுமானால் முதலில் அதற்குள் நுழைய வேண்டும் என்பதை அவன் புரிந்துகொண்டான். ஒற்றையடிப் பாதையும் கோவேறு கழுதைத் தடமும் மட்டும் இருந்த மலையில் படையும் பீரங்கியும் போகிற மாதிரி அகலமான சாலைகளைப் போடச் செய்தான். ஃப்ளோராக் ஊருக்கும் சேன்-ழான்-த்யு-கார் ஊருக்கும் நடுவே மலைமுகட்டை ஒட்டியே ஓடும் ஒரு சாலை இருக்கிறது. செவெனின் மிக அழகான சாலை என்று எல்லா வழிகாட்டி நூல்களும் அதைப் புகழ்கின்றன. இரண்டு பக்கமும் பள்ளத்தாக்குகள் விரிகின்றன, அலை அலையாய் முகடுகள் தெரிகின்றன. சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். ஆனால் அது அரசப் படைகள் மலைக்குள் போவதற்காக உண்டாக்கிய வழி. பள்ளத்தாக்கின் அடியில் போகிற படையை மேலிருந்து கல்லெறிந்தே கொல்லலாம். முகட்டில் போகிற படை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போகலாம். இன்று சுற்றுலாப் பயணி காரை ஓரங்கட்டி இறங்கி 'ஆகா' என்று நிற்கும் அந்தப் பார்வைக்கோணம் படைக்குத் தோதான கோணமும்தான்.

மிஷேல் த செர்த்தோ 1980இல் எழுதிய நூலில் நியூயார்க்கின் உயர்ந்த கட்டிடத்தின் உச்சியில் நின்று நகரத்தை ஒரு பிரதியாக வாசிப்பவனையும், கீழே தெருவில் நடந்துகொண்டே நகரத்தை எழுதுபவனையும் எதிரெதிராக வைத்தார். மேலே நிற்பவனின் இன்பம் எல்லாவற்றையும் பார்ப்பதில் இருக்கிறது. கீழே நடப்பவனின் தந்திரம் யாருடைய வரைபடத்துக்குள்ளும் அடங்காமல் நழுவுவதில் இருக்கிறது. செவென் மலையில் இந்த எதிர்வு ஒரு தத்துவ உருவகமாக வருவதற்கு முன்னூறு வருஷம் முன்பே போர்முறையாக இருந்தது. முகட்டுச் சாலை அரசனுடையது. சரிவில் மரங்களுக்கிடையே ஓடும் தடம் கமிஸாருடையது.

பிரான்சில் நெடுந்தூர நடைப்பாதைகளை ஒழுங்குபடுத்த 1947இல் ஒரு தேசியக் குழு அமைந்தது. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த இரண்டு கோடுகளை மரத்திலும் பாறையிலும் தீட்டி வழி காட்டும் முறை அதிலிருந்து பரவியது. இன்று போன்-த-மோன்வேர் வழியாகப் போகும் நடைப்பாதைக்கு ஜி.ஆர். 70 என்று பெயர். எந்தத் திருப்பத்திலும் தொலைந்துபோக முடியாது. இரவுக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இப்படி எந்தக் குறியும் கிடையாது. எங்கே, எப்போது என்பது வாய்மொழியாகக் காதோடு காதாகப் போனது. குறியில்லாமல் இருந்ததுதான் அவர்களுக்குக் காப்பு.

குறிகளின் வரலாறு என்று பார்த்தால் லொஸேர் மலையில் அதற்கு முந்திய அடுக்குகளும் உண்டு. புனித யோவான் சபை வீரர்கள் தங்கள் நில எல்லையைக் காட்டுவதற்காகப் பாறைகளில் சிலுவை செதுக்கி வைத்தார்கள். பனியில் வழி தவறாமலிருக்கப் பாதையோரம் கருங்கற்களை நட்டுவைத்திருக்கிறார்கள். சில குக்கிராமங்களில் கோயிலே இல்லாமல் ஒற்றை மணிக்கூண்டு மட்டும் நிற்கிறது. பனிப்புயலில் கண் தெரியாமல் திரிபவருக்குத் திசை சொல்ல அந்த மணியை அடிப்பார்கள். சொத்தைக் காட்டும் குறி, உயிரைக் காக்கும் குறி, பொழுதுபோக்குக்கு வழிகாட்டும் குறி மூன்றும் ஒரே மலையில் இருக்கின்றன. சுற்றுலா வரைபடம் இந்த மூன்றையும் 'பாரம்பரியம்' என்ற ஒரே சட்டிக்குள் போட்டுக் கிளறிவிடுகிறது.

4

ஜி.ஆர். 70க்கு இன்னொரு பெயர் ஸ்டீவன்சன் பாதை. 1878 செப்டம்பர் 22 அன்று ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் லெ மொனாஸ்தியே ஊரிலிருந்து மொதெஸ்தீன் என்ற கழுதையோடு கிளம்பினார். வயது இருபத்தேழு. கழுதையின் விலை அறுபத்தைந்து பிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும். பன்னிரண்டு நாளில் சேன்-ழான்-த்யு-கார் போய்ச் சேர்ந்து கழுதையை விற்றுவிட்டார். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. பொழுதுபோக்குக்காக வெட்டவெளியில் படுத்துறங்கி அதை எழுத்தாக்கியவர்களில் அவர் முன்னோடி. இன்றைய பாதை வடக்கே லெ புயி நகரம் முதல் தெற்கே அலேஸ் வரை சுமார் 270 கிலோமீட்டர். 2020இல் வந்த கரோலின் விஞ்ஞாலின் ஒரு நகைச்சுவைத் திரைப்படம் இந்தப் பாதையையும் கழுதையையும் இன்னும் பிரபலமாக்கியது.

ஸ்டீவன்சனை வெறும் ஊர்சுற்றி என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் வளர்ந்தவர். அங்கே அரசனுக்கு எதிராக எழுந்த கவனன்டர்களைப் பற்றித்தான் பதினாறு வயதில் தன் முதல் சிறு நூலை எழுதினார். செவெனுக்கு அவர் வந்ததே கமிஸார்களின் நாட்டைக் காண்பதற்காகவும்தான். போன்-த-மோன்வேரில் நடந்த கொலையை அவர் விரிவாக எழுதுகிறார். இந்த ஊர் உலகத்தின் கண்ணுக்கு வந்தது அவர் பக்கங்களின் வழியே.

அதே ஊரில் சாப்பாட்டு மேசையில் பரிமாறிய ஒரு பெண்ணைப் பற்றியும் எழுதுகிறார். முகம், கண், உடல்வாகு என்று அங்கம் அங்கமாக மதிப்பிடுகிறார். அவள் என்ன நினைத்தாள் என்பது புத்தகத்தில் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒருவன் தன்னை உற்றுப்பார்த்துக் குறித்துக்கொண்டு போனான் என்பதாவது அவளுக்குத் தெரிந்ததா? தெரியாது. பார்க்கப்படுவது என்பது இந்த ஊரில் ஒருகாலத்தில் மரணத்தோடு சம்பந்தப்பட்டது. 1878இல் அது இலக்கியத்தோடு சம்பந்தப்பட்டதாகிவிட்டது. முன்னேற்றம்தான். ஆனால் யார் பார்ப்பது, யார் பார்க்கப்படுவது என்கிற பங்கீடு அப்படியே இருக்கிறது.

இதற்கு நேரெதிரான ஒரு கணமும் அந்தப் புத்தகத்தில் உண்டு. போன்-த-மோன்வேரை விட்டுக் கிளம்பிய அன்றிரவு தார்ன் பள்ளத்தாக்கில் கஷ்கொட்டை மரங்களுக்கு நடுவே குறுகலான ஒரு படிக்கட்டு நிலத்தில் படுக்கிறார் ஸ்டீவன்சன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பதற்றம். தூக்கம் சரியாக வரவில்லை. பார்வையாளன் ஒரே ஓர் இரவு ஒளிகிறவனின் உடம்புக்குள் போய்த் திரும்பியிருக்கிறான். என் வாசிப்பில் அந்தப் புத்தகத்தின் வரலாற்று அறிவு, போர் பற்றிய அத்தியாயங்களைவிட, இந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட தொன்மங்கள் பற்றிய நூலில் நீல வழிகாட்டி என்ற பயண நூல் வரிசையைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். நிலம் மேடுபள்ளமாக இருந்தால்தான் அதற்கு அழகு கண்ணில் படுகிறது. மனிதர்கள் வகைமாதிரிகளாக மட்டும் வருகிறார்கள். நினைவுச்சின்னங்கள் மிஞ்சுகின்றன, வாழ்கிறவர்கள் மறைந்துபோகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மலையேற்றத்தையும் தனிமையையும் ஒழுக்கமாகக் கொண்டாடும் மனநிலையை சுவிஸ் புரோட்டஸ்டண்டு அறத்தோடும் அவர் இணைக்கிறார். செவெனில் இது வினோதமாகத் திரும்புகிறது. இங்கே புரோட்டஸ்டண்டுகள் மலை ஏறியது ஆன்ம சுத்திக்காக இல்லை. கீழே இருந்தால் பிடித்துக்கொண்டுபோவார்கள் என்பதால் ஏறினார்கள்.

5

இதுவரை அரசின் பார்வை, பயணியின் பார்வை என்று பேசிவந்தேன். வெளியாரைக் குற்றம்சாட்டுவது சுலபம். ஒளிந்திருந்தவர்கள் தங்கள் நினைவைக் காட்சியாக வைக்கும்போது என்ன நடக்கிறது?

மியாலே அருகே மா சுபேரான் என்ற குக்கிராமத்தில் கமிஸார் தலைவர் ரோலான் பிறந்த வீடு இருக்கிறது. அங்கே 'தெஸேர் அருங்காட்சியகம்' 1910-11இல் உருவானது. மடக்கினால் தானியப் பீப்பாய் மாதிரி ஆகிவிடும் பிரசங்க மேடை, பிரித்து ஒளித்துவைக்கக்கூடிய திருவிருந்துக் கிண்ணங்கள், பெண்கள் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு போன குட்டிச் சங்கீதப் புத்தகம் என்று ஒளிவின் தொழில்நுட்பம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் முதல் ஞாயிறும் ஆயிரக்கணக்கானோர் மரநிழலில் கூடி வழிபடுகிறார்கள். தெற்கே ஏக்-மோர்த் கோட்டையின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் மரி த்யுரான் 1730 முதல் 1768 வரை 38 வருஷம் அடைபட்டிருந்தார். 'எதிர்த்து நில்' என்ற ஒற்றைச் சொல் அங்கே கல்லில் கீறப்பட்டிருக்கிறது. அதை அவர் கைவேலை என்றே மரபு சொல்கிறது. பார்க்கிற யாருக்கும் தொண்டை அடைக்கும்.

ஆனால் இந்த நினைவுக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. கமிஸார் கிளர்ச்சியைக் கிளப்பிவிட்டவர்கள் போதகர்கள் இல்லை, அவர்கள்தான் நாடுகடத்தப்பட்டுவிட்டார்களே. கிளப்பியவர்கள் தீர்க்கதரிசிகள். 1688இல் தோஃபினே பகுதியில் இசபோ வேன்சான் என்ற ஆடு மேய்க்கும் சிறுமி தூக்கத்தில் பிரசங்கம் செய்யத் தொடங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். சில வருஷங்களில் இது செவென் மலைக்குப் பரவியது. சிறுவர்கள், வேலைக்காரப் பெண்கள், கூலிகள் விழுந்து நடுங்கி எழுந்து பேசினார்கள். வீட்டில் பேசுவது ஆக்சிதான்; ஆவி வந்தால் விவிலியத்தின் பிரெஞ்சு. அரசனின் மொழியும் அதே பிரெஞ்சுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. அதிகாரத்தின் மொழி விளிம்புநிலைச் சிறுமியின் வாயில் அதிகாரத்துக்கு எதிராகத் திரும்பி நின்றது.

போர் முடிந்த பிறகு, 1715 ஆகஸ்டில், அன்த்வான் கூர் என்ற இளைஞரின் முன்முயற்சியில் மோன்தேஸ் என்ற இடத்தில் ரகசியமாகக் கூடிய சபை மன்றம் திருச்சபையை மறுபடி ஒழுங்குபடுத்தியது. பெண்கள் பிரசங்கம் செய்யக் கூடாது. வேதமே விதி, தீர்க்கதரிசனங்களுக்கு இடமில்லை என்று அது முடிவெடுத்தது. வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சபை, தலைமறைவில் இருந்தபடியே, தனக்குள்ளிருந்த பெண்களின் வாயை அடைத்தது. பிற்கால வரலாற்று எழுத்தும் நடுங்கும் உடல்களைக் கண்டு சங்கடப்பட்டது. லெ ருவா லதூரி 1966இல் எழுதிய லாங்தோக் விவசாயிகள் வரலாறு அதைப் பேசியது. ஆனால் பேசிய மொழி நோய்க்குறி மொழி. அருங்காட்சியகத்துக்குள் மடக்கு மேடையை வைக்க முடியும். விழுந்து புரண்ட சிறுமியின் குரலை எந்தப் பெட்டிக்குள் வைப்பது?

மாற்று முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஃபிலிப் ஜூத்தார் 1977இல் வெளியிட்ட 'கமிஸார்களின் தொன்மம்' என்ற ஆய்வு, செவென் குடும்பங்களில் வாய்வழியாக வந்த நினைவை ஆவணக் காப்பகத்துக்கு நிகரான சான்றாக எடுத்துக்கொண்டது. ரெனே அலியோ 1972இல் 'கமிஸார்கள்' என்ற படத்தை எடுத்தார். ஃபூக்கோ வெளியிட்ட பியர் ரிவியேர் வழக்கைப் பின்னால் 1976இல் படமாக்கியவரும் இவரே. கொலைகாரன் என்றும் பைத்தியம் என்றும் சொல்லப்பட்ட விவசாயியைப் பேசவிடுவது என்ற அக்கறை இரண்டுக்கும் பொது.

6

2018இல் செவென் தேசியப் பூங்கா ஒரு சர்வதேச அங்கீகாரம் பெற்றது. 'நட்சத்திர வான் காப்பகம்' என்று. விளக்குகளின் மாசு குறைந்த இருட்டு இங்கே மிச்சமிருக்கிறது என்பதற்கான சான்றிதழ். வாரம் முழுக்க நகர வெளிச்சத்தில் கண் கூசியவர்கள் இங்கே வந்து மேட்டில் படுத்துப் பால்வீதியைப் பார்க்கிறார்கள். நல்லதுதான். தெருவிளக்கைக் குறைத்ததில் பூச்சிகளுக்கும் வௌவால்களுக்கும் நன்மை.

ஆனாலும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்த இருட்டுதான் அன்று ஆலயமாக இருந்தது. சுவரோ கூரையோ இல்லாத சபைக்கு இரவே சுவராக நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது மறுபடியும் நின்றது: விஷி அரசும் நாஜிகளும் தேடிய யூதக் குடும்பங்களை இந்த மலையின் பண்ணை வீடுகளும் போதகர் இல்லங்களும் ஒளித்துவைத்தன. மக்கி போராளிகள் இந்தக் காடுகளில் இருந்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானியர்களும் அவர்களோடு சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். பாட்டன் பூட்டன் ஒளிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒளிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பெருமைக் கதையாடல் ஆகிவிடும். இதே லொஸேர் மாவட்டத்தின் தலைநகர் மாந்த் அருகே ரியக்ரோஸ் என்ற இடத்தில், விரும்பத்தகாத அந்நியர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அடைக்க 1939 தொடக்கத்தில் பிரெஞ்சுக் குடியரசு ஒரு முகாமைத் திறந்தது. நாஜிகள் வருவதற்கு முன்பே, விஷி அரசு வருவதற்கு முன்பே என்பதைக் கவனிக்கவும். அந்த வருஷ இலையுதிர் காலத்திலிருந்து அது பெண்கள் முகாம். பின்னாளில் கணிதத்தையே புரட்டிப்போட்ட அலெக்சாண்டர் குரோத்தன்தீக் சிறுவனாகத் தன் தாயோடு அங்கே அடைபட்டிருந்தவர். 1942இல் முகாம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. ஒரே மாவட்டத்தில் ஒளித்துவைத்த மலையும் அடைத்துவைத்த முகாமும் இருந்தன. கழுதையோடு நடப்பவர்களில் எத்தனை பேர் ரியக்ரோஸுக்கு ஒரு நாளை ஒதுக்குகிறார்கள்?

7

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்ப என்ன, யாரும் போகவே கூடாதுங்கறீங்களா?" என்று யாரும் கேட்கலாம். இல்லை. அந்த மாதிரித் தூய்மைவாதம் நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வசதி. ஊர்க்காரனுக்குச் சோறு போடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லொஸேர் மாவட்டத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இன்று எண்பதாயிரம்கூட இல்லை. பட்டுப்புழு நோயில் செவெனின் பட்டுத் தொழில் சரிந்தது. கஷ்கொட்டை மரங்களை நோய் தின்றது. அலேஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஆட்களை இழுத்தது. முதல் உலகப் போர் வாலிபர்களைக் கொண்டுபோனது. பாவிலும் பீரங்கியும் காலிசெய்ய முடியாத மலையைச் சந்தை காலி செய்தது. 1970இல் அமைந்த தேசியப் பூங்கா, மையப் பகுதியிலேயே மக்கள் குடியிருக்கும் பூங்கா. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணம் மேய்ச்சலும் விவசாயமும் கலந்த பண்பாடு. மேய்ப்பவன் இருந்தால்தான் அந்த நிலக்காட்சி இருக்கும். இல்லையென்றால் புதர் மூடிவிடும். கோடையில் வரும் நடைப்பயணி செலவழிக்கிற பணத்தில் ஒரு ரொட்டிக் கடையும் ஒரு விடுதியும் பிழைக்கின்றன என்றால் அதை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை.

ஆகவே என் கேள்வி போகலாமா கூடாதா என்பதல்ல, எப்படிப் பார்ப்பது என்பது. மார்த்தினிக் தீவின் எழுத்தாளர் எதுவார் கிளிஸான் 1990இல் எழுதிய நூலில் 'ஒளிபுகாமைக்கான உரிமை' என்ற கருத்தை முன்வைத்தார். என்னைப் புரிந்துகொள்வதற்கு என்னை முழுக்க ஊடுருவிப் பார்த்தாக வேண்டும் என்று கேட்காதே. புரியாத மிச்சத்தோடு என்னை ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம். காலனியத்துக்கு ஆட்பட்ட மக்களை முன்னிறுத்தி அவர் இதைச் சொன்னார். நிலங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒளிந்து வாழ்ந்த மக்களின் நிலம் தன்னை முழுசாகக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. எந்தக் குகையில் கூடினார்கள், எந்தப் பண்ணை வீட்டின் பரணில் யார் படுத்திருந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் பலகை நட்டுக்கொண்டே போனால், 1703இல் முடிக்காமல் விட்ட கணக்கெடுப்பை நாமே முடித்துக்கொடுக்கிறோம் என்றாகிவிடும்.

நடை என்பது இந்த இடத்தில் உதவுகிறது. காரில் முகட்டுச் சாலையில் போகிறவனுக்குக் கிடைக்காத ஒன்று நடப்பவனுக்குக் கிடைக்கிறது: மூச்சு வாங்குகிறது, அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, சரிவில் ஐம்பதடி தள்ளி நிற்கிற ஆளைக்கூட மரங்கள் மறைத்துவிடுகின்றன. அந்த மறைப்பைக் குறையாக நினைக்காமல், காட்சிக்கு இடைஞ்சல் என்று சலித்துக்கொள்ளாமல், அதுதான் இங்கே பாடம் என்று எடுத்துக்கொள்கிறவருக்கு போன்-த-மோன்வேரில் கல்பாலத்தையும் மணிக்கூண்டையும் தாண்டி ஒன்று இருக்கிறது. பாலத்திலிருந்து தெற்கே நிமிர்ந்தால் பூஜேஸ் மலை. 1702 ஜூலையில் ஐம்பது அறுபது பேர் அங்கிருந்து இறங்கி வந்தார்கள். ஊர் முதலில் அறிந்தது அவர்களின் உருவத்தை அல்ல, பாட்டை. அந்த மலையில் இன்று நிறைய மரம். கீழிருந்து பார்த்தால் பச்சையைத் தவிர எதுவும் தெரியாது.